தொண்டை போகுதுக்கா, கிளாஸ் அடங்கல

கேள்வி: அக்கா, ஜூன்லதான் வேலைக்கு சேர்ந்தேன், தாராவி பக்கம் தமிழ் மீடியம் ஸ்கூல், ஆறாங்கிளாஸ், 42 பசங்க. கத்தினா ரெண்டு நிமிஷம் அமைதி, மறுபடி சந்தைக்கடைதான். சாயங்காலம் பேசவே குரல் இல்ல. சீனியர் ஒருத்தங்க "ரெண்டு போடு, அடங்கிடும்"ங்கறாங்க, எனக்கு மனசு வரல.
– வாசகி, மும்பை

பதில்: மனசு வரலைல்ல, அதுதான்மா சரி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17வது பிரிவு பிள்ளைங்கள அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு சொல்லுது. அதே சட்டம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 35 பேருக்கு ஒரு டீச்சர்ங்குது, உங்ககிட்ட 42, அதனால நமக்குத் துப்பில்லையோன்னு அழாதீங்க.

நானும் முதல் வருஷம் கத்தினவதான். ஒருநாள் ஜூலை மழை, மேல தகரக்கூரை, நான் கத்துறது முதல் பெஞ்சுக்கே கேக்கல. சரின்னு போர்டுல ஒரு கணக்கை எழுதிட்டு சும்மா நின்னேன். ரெண்டு பொண்ணுங்க நோட்டை எடுத்தாங்க, அதைப் பாத்து பக்கத்துப் பெஞ்சு, அஞ்சு நிமிஷத்துல மொத்த கிளாஸும் தலையைக் குனிஞ்சு எழுதுது! அன்னைலேர்ந்து பசங்க வந்து உக்கார்றதுக்குள்ள போர்டுல ஒரு சின்ன வேலை இருக்கும், அட்டென்டென்ஸ் எல்லாம் அவங்க எழுதுறப்பதான்.

அப்புறம் கேள்வி கேட்டா உடனே பதிலுக்குப் பறக்காதீங்க. மேரி பட் ரோன்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1970கள்ல கிளாஸ்ல நடக்கறத டேப்ல பதிவு பண்ணிக் கேட்டவங்க, டீச்சருங்க சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்கன்னு கண்டாங்க, மூணு செகண்டு பொறுத்தா வாயே திறக்காத பிள்ளைகூட பேசுது. பொறுக்கலன்னா அதே ரெண்டு பேர்தான் பதில் கத்துவாங்க, மத்த 40 பேரும் கதை பேசாம என்ன பண்ணுவாங்க?

எவனாவது மேஜையைத் தட்டினா இங்கேருந்து பேர் சொல்லிக் கத்தாதீங்க, பாடத்தை நிறுத்தாமலே நடந்து போய் அவன் பக்கத்துல நில்லுங்க, நோட்டுல எழுத வேண்டிய இடத்துல விரலை வைங்க, போதும். பெல் அடிச்சப்புறம் தனியா கேளுங்க. என் கிளாஸ்ல சதா வம்பு பண்ணிட்டிருந்தவன் ஒருத்தன், வராண்டாவுல வச்சுக் கேட்டா விடிகாலை 4 மணிக்கு அம்மாகூட தண்ணி பிடிக்க எந்திரிக்கிறானாம், உக்காந்தா தூக்கம் வருது டீச்சர், அதான் தட்டிக்கிட்டே இருக்கேன்னான். எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. அவனைத்தான் போர்டு அழிக்க, நோட்டு கொடுக்கன்னு எழுப்பி எழுப்பி விட்டேன்.

இந்த வாரம் 42 பேரோட பேரையும் மனப்பாடம் பண்ணிடுங்கம்மா, கடைசி பெஞ்சுலேர்ந்து ஆரம்பிங்க.