பள்ளிக் கணினிகளில் உள்ள மென்பொருள் யார் பெயரில் இருக்கிறது?

தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம்:

"எங்களிடம் 12 கணினிகள். 4 நிர்வாகம் வாங்கியவை. மற்ற 8, முன்னாள் மாணவர் ஒருவர் தாம் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து வாங்கிக் கொடுத்த பழையவை. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட கணினி ஆசிரியை போன வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். இப்போது சில கணினிகளில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி வருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை பாடங்கள் கொண்ட மென்பொருளைப் புதுப்பிக்க அந்த நிறுவனம் 38,000 ரூபாய் கேட்கிறது. பழைய பில் கிடைக்கவில்லை. சர்வீஸுக்கு வரும் தம்பி, 'நானே வேறொன்று போட்டுத் தருகிறேன், காசே வேண்டாம்' என்கிறார். என்ன செய்வது?"

டீச்சர், அந்தத் தம்பி சொன்னதை முதலில் விலக்கிவிடுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கமோ வணிகமோ இல்லையென்றால் சிறையைத் தவிர்த்து, 50,000க்கு மேற்படாத அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. குற்றம் குற்றம்தான், கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்களும் தாளாளரும் இருக்கிறீர்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. உரிமம் இல்லாமலே மென்பொருளைத் திறந்துவிடும் இந்தக் 'கிராக்' கோப்புகளை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை முதலில் அணைக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் பிறந்த தேதி, பெற்றோரின் செல்பேசி எண், ஆதார் நகல் எல்லாம் கிடக்கும் கணினியின் கதவைத் திறந்து வைப்பது போல ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது 38,000 ரூபாய் அல்ல, 'பழைய பில் கிடைக்கவில்லை' என்ற வரி. பெஞ்சு, பீரோ, தராசு எல்லாம் உங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். மென்பொருள் ஏறியிருக்காது. பல பள்ளிகளில் இதே கதைதான். பொறுப்பான ஆசிரியர் மாறினால், அவருடைய சொந்த ஜிமெயிலோடும் செல்பேசியோடும் பள்ளியின் லைசென்ஸும் போய்விடுகிறது. ஆகவே முதல் வேலை, எதுவும் வாங்காமல், எதையும் அழிக்காமல், இருப்பதைக் கணக்கெடுப்பது.

ஒவ்வொரு கணினிக்கும் எண் ஒட்டுங்கள். பிறகு விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி டிஎல்ஐ என்ற மூன்று எழுத்துகள் தட்டி என்டர் கொடுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓஇஎம் என்றிருந்தால் அது கணினியோடு சேர்ந்தே வந்த உரிமை. அந்தக் கணினி உள்ளவரை செல்லும். வேறொன்றுக்கு மாற்ற முடியாது. ரீடெய்ல் என்றால் கடையில் தனியாக வாங்கியது, அல்லது வாங்கியதாகச் சொல்லிப் போட்டது, பில் வேண்டும். வால்யூம் என்று தொடங்கி கேஎம்எஸ் என்று வந்தால் கவனம் தேவை. பெரிய அலுவலகங்கள் தங்கள் சர்வர் மூலம் 180 நாளுக்குள் ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்ளும் முறை அது. சர்வரே இல்லாத தொடக்கப் பள்ளியில் அந்தச் சொல் வந்தால் இரண்டில் ஒன்று: கொடுத்த அலுவலகத்தின் உரிமை அப்படியே தங்கியிருக்கிறது, அல்லது யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே உங்களுடையவை அல்ல. கணினியைத் தானமாகக் கொடுக்கலாம். நிறுவனத்தின் வால்யூம் உரிமை அதோடு சேர்ந்து வராது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கலாம். அலுவலகங்கள் வாங்கும் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் உரிமையோடுதான் வரும். பழையவற்றில் பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஸ்டிக்கராக இருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்தவற்றில் உரிமைக்கான கீ, கணினிக்குள்ளேயே இருக்கும் பயாஸில் பதிந்திருக்கும். மேலே கிராக் இருந்தாலும் அடியில் முறையான உரிமை இருக்க வாய்ப்புண்டு. பயாஸில் கீ இருந்தால், அதே பதிப்பைப் புதிதாக நிறுவும்போது தானே ஆக்டிவேட் ஆகிவிடும். அந்தத் தம்பியிடம் இந்த வேலையைக் கொடுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீயை மட்டும் வாங்கிவிட வேண்டாம். யாரோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயைப் பிரித்து விற்பது அங்கே சாதாரணம். அதற்கு பில் வந்தாலும் உரிமை வந்ததாகாது.

முறையான உரிமை இருந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். தானமாக வந்த கணினிகள் பலவற்றுக்கு அது இருக்காது. கல்வி நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்த ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4 என்று மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு தருகிறது. வால்யூம் லைசென்ஸ் விற்கும் முகவர் வழியாக வாங்க வேண்டும். அலுவலக வேலைக்கான ஒன்றிரண்டு கணினிகளுக்கு அது போதும்.

பிள்ளைகள் தொடும் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017 முதல் கைட் என்ற நிறுவனமாக இயங்கும் அமைப்பு அரசுப் பள்ளிக் கணினிகளை, யாரும் பயன்படுத்தவும் நகலெடுக்கவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருளில்தான் நடத்துகிறது. நம் நாட்டிலேயே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது, உபுண்டுவும் போடலாம். ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைக்குக் கணினியில் என்ன வேண்டும்? மவுஸைப் பிடிக்க, எழுத்தைத் தேட, எண்ண, வரைய, ஒரு கதையை நகர்த்திப் பார்க்க. இதற்கு ஜிகாம்ப்ரி இருக்கிறது: 2 முதல் 10 வயதுக்கென்றே 100க்கு மேற்பட்ட பயிற்சிகள். வரைவதற்கு டக்ஸ் பெயின்ட். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச். எம்ஐடி உருவாக்கியது, எட்டு வயதிலிருந்து செல்லும். எழுத்து வேலைக்கு லிப்ரெஆபீஸ். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், அடுத்த பள்ளிக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். கட்டற்ற உரிமமே அதற்கு அனுமதி தருகிறது.

மாற்றுவதற்கு முன் ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, பிரின்டர், புரொஜெக்டர், வைஃபை மூன்றும் ஒத்துழைக்கின்றனவா என்று பாருங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளம் பிரவுசரில் திறப்பது, அதனால் தடையில்லை. விண்டோஸுக்கென்று வந்த பாட சிடிக்கள்தாம் ஓடாமல் போகும். அவற்றுக்காக ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடி கீறல் விழுமுன் ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துவைக்கலாம். முறையாக வைத்திருப்பவருக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. அந்தப் பிரதியை இன்னும் ஐந்து கணினியில் போட அது அனுமதி ஆகாது.

தமிழ் எழுத்துருவும் மென்பொருள்தான் என்பதைப் பலர் நினைப்பதில்லை. வினாத்தாள் அடிக்கப் பழைய எழுத்துரு ஒன்றை எங்கிருந்தோ நகலெடுத்து எல்லாக் கணினியிலும் போட்டிருப்பார்கள். எல்லாக் கணினியிலும் ஒரேபோல் படிக்கக்கூடிய யுனிகோடு எழுத்துமுறையைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. லோகித் தமிழ், நோட்டோ தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. புதிய வினாத்தாள்களையாவது அவற்றில் தட்டுங்கள்.

இனி அந்த 38,000 ரூபாய். உடனே கொடுக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். நிறுவனத்துக்குப் பள்ளியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதுங்கள். பள்ளியின் பெயரில் வழங்கிய முந்தைய இன்வாய்ஸின் நகலைக் கேளுங்கள். அவர்களிடம் இருந்தாக வேண்டும். உரிமம் எந்த வகை என்று கேளுங்கள்: கணினி எண்ணிக்கைக்கா, மாணவர் எண்ணிக்கைக்கா, வளாகம் முழுவதற்குமா? மாணவர் கணக்கு என்றால், 90 பிள்ளைகள் படிக்கும் பள்ளி 150க்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாடம் முழுக்கப் பூட்டிக்கொள்ளுமா, அல்லது இருக்கும் பாடம் ஓடி, புதிய பாடம் மட்டும் வராதா? விற்பவர் வாய்மொழியாக ஒன்று சொல்வார், ஒப்பந்தத்தில் வேறு இருக்கும்.

காலத்தையும் மாற்றச் சொல்லுங்கள். நவம்பரில் வாங்கிய ஓராண்டு உரிமம் அடுத்த நவம்பரில், இரண்டாம் பருவத்தின் நடுவில் நின்றுபோகும். ஜூன் முதல் மே வரை என்று வைத்துத் தரும்படி கேட்டால், இடைப்பட்ட மாதங்களுக்கு மட்டும் விகிதப்படி வாங்கிக்கொண்டு மாற்றித் தருபவர்கள் உண்டு. ஆசிரியர்களோடு உட்கார்ந்து, போன வருடம் எந்த வகுப்பு அதை எத்தனை பாடவேளை பயன்படுத்தியது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும்தான் பயன்படுத்தினார் என்றால் அந்த வகுப்புக்கு மட்டும் விலை கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும், மத்திய அரசின் திக்‌ஷா தளமும் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றோடு பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பிள்ளைகளின் பெயரில் கணக்குத் திறக்கச் சொல்லும் மென்பொருளாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எமிஸ் எண்ணையோ பிறந்த தேதியையோ கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தனித்தனிக் கணக்கே தேவையில்லை. உரிமம் இடம் கொடுத்தால் வகுப்புக்கு ஒரு கணக்கு, பெயருக்குப் பதில் வரிசை எண். அவ்வளவு போதும்.

பதிவேட்டுக்கு வருவோம். ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். 'கணினி 7. தானம். விண்டோஸ் 10 ப்ரோ, ஓஇஎம், கீ பயாஸில். ஆபீஸ் இல்லை, லிப்ரெஆபீஸ் உண்டு. பாட மென்பொருள் இல்லை. பார்த்த நாள், பார்த்தவர் கையெழுத்து.' கட்டண மென்பொருளுக்குத் தனிப் பக்கம்: முழுப் பெயர், பதிப்பு, எத்தனை இடத்துக்கு, எந்தத் தேதி வரை, இன்வாய்ஸ் எண், எந்த மின்னஞ்சலில் பதிவு. அந்த மின்னஞ்சல் பள்ளிக்கென்று திறந்ததாக இருக்கட்டும். மீட்பு எண்ணாகப் பள்ளியின் சிம் எண்ணைக் கொடுங்கள். கடவுச்சொற்களை எழுதி உறையில் போட்டு, நீங்களும் தாளாளரும் ஒட்டுமேல் கையெழுத்திட்டு பீரோவில் வையுங்கள். தலைமையாசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்தப் பதிவேடும் உறையும் இடம்பெற வேண்டும்.

போய்விட்ட கணினி ஆசிரியையை நீங்களே அழைத்துப் பேசுங்கள். அவர் மேல் தவறு இருப்பதுபோல் பேசாமல், உதவியாகக் கேளுங்கள். கணக்குகள் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவர் ஒருமுறை உள்ளே போய்ப் பள்ளி மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. இயலவில்லை என்றால் இன்வாய்ஸ் நகலோடு நிறுவனத்துக்கு எழுதலாம். கணக்கைப் பள்ளிக்கு மாற்றித் தர அவர்கள் கேட்கும் சான்று பெரும்பாலும் அதுதான்.

எந்தக் கணினியையும் அழித்துப் புதிதாக நிறுவும் முன், அதில் இருக்கும் மாணவர் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் கோப்புகள், ஆண்டுவிழாப் படங்கள் வரை எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டுடிஸ்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் அடுத்த படி. 12ஐயும் ஒரே நாளில் தொடாதீர்கள். தானமாக வந்ததில் ஒன்றை எடுத்து, ஒரு பருவம் மூன்றாம் வகுப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.