பாம் ஷெல்டரைக் காலி செய்யும் முன் தண்ணீரைப் பாருங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தென்சீனக் கடல், தைவான் என்று தினமும் ஏதாவது செய்தி வருகிறது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் கான்கிரீட் அறை, இருக்கிறது. அதில் முழுக்கப் பெட்டிகளும் பண்டிகைப் பாத்திரங்களும்தான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அம்மா எங்களுடன் இருக்கிறார். எதை வாங்கி வைப்பது, எங்கிருந்து தொடங்குவது?”

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று இந்தத் தீவு சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம். இன்று மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் நீரோடு நீர்த்தேக்கங்கள், நியூவாட்டர் எனப்படும் சுத்திகரித்த கழிவுநீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் அடுக்குமாடியின் மேல்தளங்களுக்கு நீரை ஏற்றுவது மின்சார பம்புதான். மின்சாரமோ பெரும்பகுதி இறக்குமதியாகும் எரிவாயுவிலிருந்து வருகிறது. தூரத்துக் கடலில் கப்பல் போக்குவரத்து தடைபட்டாலே உங்கள் குழாய் வறண்டுபோகக்கூடும். குண்டு விழுவதைவிட நடக்க வாய்ப்புள்ளது இதுதான் என்பது என் கணிப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு, மூன்று நாளுக்காவது எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.

அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கிவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் கொவிட் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தப்பட்டபோது கடைகளில் அரிசியும் நூடுல்ஸும் காலியாயின. நாட்டில் இருப்பு இல்லாமல் போனதால் அல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதால் வந்த வினை அது. வெள்ளை அரிசி இறக்குமதி செய்வோர் குறிப்பிட்ட அளவைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தபோதும், சிங்கப்பூர் பேசி விலக்குப் பெற்றது. வழக்கமாகச் சமைப்பதையே இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சமையுங்கள். அடுப்பு எரியாத நாளுக்கு அவல் போல் கைகொடுப்பது வேறில்லை. நனைத்தால் போதும்.

அம்மாவின் இன்சுலினில் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊரில் ஈரத்துணி சுற்றிய மண்பானை மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் அது அவ்வளவாக எடுபடாது. வெப்பம் புகாத சிறு பையும் ஐஸ் பேக்கும் வாங்கி வையுங்கள். மருந்து ஐஸ் மீது நேராகப் படாமல் நடுவே ஒரு துண்டைச் சுற்றுங்கள். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனா சாதாரண அறை வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பது வகைக்கு வகை மாறும். மருந்தாளரிடம் கேட்டு, அதைப் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.

இப்போது அந்த ஷெல்டர் அறை. வீடுகளில் ஷெல்டர் கட்டாயம் என்று 1997-இல் சட்டம் வந்தபின் கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் இதைச் சாமான் அறையாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. தூக்க முடியாத அலமாரியை உள்ளே போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். கான்கிரீட் சுவரை இடிக்கவோ, உட்சுவரில் டைல்ஸ் ஒட்டவோ, இரும்புக் கதவைக் கழற்றவோ அனுமதியில்லை. காற்றுத் துளைகளின் முன்னால் பெட்டிகளை அடுக்காதீர்கள். கதவின் உட்புறத்தில் குடிமைத் தற்காப்புப் படையின் அறிவிப்பு இருக்கும். அதன்மேல் வண்ணம் பூசியிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். உள்ளே மெழுகுவத்தி கூடாது, டார்ச் விளக்கு மட்டும்தான்.

அபாயச் சங்கின் ஒலிகளை அம்மாவுக்கும் பழக்குங்கள். ஏறி இறங்கி ஊளையிட்டால் உடனே ஷெல்டருக்குள் போக வேண்டும். விட்டு விட்டு ஒலித்தால் வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டு அறிவிப்பைக் கேட்க வேண்டும். ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது என்று பொருள். 1942 சரணடைவை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினமான பிப்ரவரி 15 அன்று மாலை 6.20 மணிக்கு ஒலிப்பது இரண்டாவது வகை. அன்று அம்மாவை உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள். பயந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.