கையெழுத்துப் போடும் முன்

வணக்கம்.

நான்கு வருடங்களாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். எங்கள் பகுதியில் பறவைக் கணக்கெடுப்பு, பாம்பு மீட்பு, கடற்கரையில் ஆமை முட்டைப் பாதுகாப்பு என்று இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளை இருக்கிறது. அதன் டிரஸ்டி ஒருவர் காலமாகிவிட்டதால் அந்த இடத்துக்கு என்னை அழைக்கிறார்கள். சம்பளம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம். ஏழு பேரில் பெண் நான் ஒருத்திதான்.

எனக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. ‘உங்களுக்குக் கணக்குத் தெரியும், அது போதும்’ என்கிறார் செயலாளர். ‘பெயருக்குத்தான் கூப்பிடுகிறார்கள், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா’ என்கிறார் என் கணவர். வெயிலில் அலைகிற பிள்ளைகள்தானே வேலை செய்கிறார்கள், மேஜையைச் சுற்றி உட்காருகிற பெரியவர்களால் காட்டுக்கும் குளத்துக்கும் என்ன பயன் என்று கேட்கிறாள் மகள். அவள் கேட்பது எனக்கும் சரியென்றே படுகிறது. நீங்கள் இதுபோன்ற ஓர் அமைப்பில் இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் ஒப்புக்கொள்ளலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி,
நாகர்கோவில்

அன்புள்ள அக்கா,

என்னைவிட மூத்தவர் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது, அதனால் அக்கா என்றே அழைக்கிறேன். ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கான காரணத்தை நான் செய்த பிழை ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் ஒரு சிறிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் ஐந்து வருடம் அறங்காவலராக இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். மூன்றாம் வருடம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பொருளாளர் ஒரு கோப்பை நீட்டினார். ஆண்டுக் கணக்கு. ‘ஆடிட்டர் பார்த்துவிட்டார், உங்கள் கையெழுத்துதான் பாக்கி’ என்றார். பக்கத்தில் நின்ற காரின் பானட்டில் வைத்துப் போட்டுக்கொடுத்தேன். மொத்தம் மூன்று பக்கம். ஒன்றைக்கூட வாசிக்கவில்லை.

விஷயம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கடற்கரையில் இரவு ரோந்து போகிறவர்களின் கூலிக்கென்று ஒருவர் கொடுத்திருந்த நன்கொடை, அலுவலக வாடகை பாக்கிக்கும் பழைய கடன் ஒன்றுக்கும் போயிருந்தது. யாரும் திருடவில்லை, ஒரு ரூபாய்கூட யார் பைக்கும் போகவில்லை. கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குச் செலவாகவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் அவர் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டார். எங்களால் கொடுக்க முடியவில்லை, அவர் உதவியை நிறுத்திக்கொண்டார். அந்த வருடம் தை பிறந்து ஆமைகள் கரையேறத் தொடங்கியபோது எங்கள் பகுதியில் ரோந்துக்கு ஆள் இல்லை.

பங்குனி ஆமை ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இடும். நாய்கள் தோண்டிப்போட்ட குழியொன்றை மீனவ நண்பர் ஒருவர் விடியற்காலையில் கூட்டிச்சென்று காட்டினார். ஆமை முட்டையின் ஓடு கோழி முட்டையைப் போல நொறுங்குவதில்லை. நனைந்த காகிதம் போலச் சுருண்டு, மணல் ஒட்டி, குழியைச் சுற்றிலும் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பானட்டில் வைத்துப் போட்ட கையெழுத்து அங்கே வந்து சேர்ந்திருந்தது.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். வெயிலில் அலைகிற பிள்ளைகளின் உழைப்பை மேஜையைச் சுற்றி உட்காருகிற ஏழு பேர் ஒரே நிமிடத்தில் வீணாக்கிவிட முடியும். காப்பாற்றவும் முடியும். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 1926-ல் சிட்னி லாங் என்ற மருத்துவர் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கிளே என்ற கடலோரச் சதுப்பு நிலத்தைப் பறவைகளுக்காக வாங்கினார். வாங்கியவர் காலத்தோடு அது போய்விடக் கூடாது என்று ஓர் அறக்கட்டளையின் கையில் வைத்தார்கள். அந்த முதல் தலைமுறையில் இன்று யாரும் இல்லை. நிலம் அதே அறக்கட்டளையிடம் இருக்கிறது, பறவைகளும் வந்துகொண்டிருக்கின்றன. சம்பளம் வாங்காத பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடி உட்கார்ந்து, பத்திரத்தையும் கணக்கையும் கைமாற்றிக் கொடுத்ததால் நடந்தது அது.

உங்கள் கணவருக்கும் ஒரு பதில் உண்டு. சட்டத்தில் பெயருக்கு அறங்காவலர் என்று ஒருவர் கிடையாது. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. ஆனால் அதன் 15-ஆம் பிரிவில் உள்ள அளவுகோல்தான் பொது அறக்கட்டளைக்கும் நியாயமான அளவுகோல்: சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கை மீறல் நடந்தால், அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. ‘நான் வெறும் உறுப்பினர், எனக்குத் தெரியாது’ என்று அப்போது சொல்லித் தப்ப முடியாது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. முப்பத்திரண்டு வருடம் பேரேட்டைத் தணிக்கைக்குக் கொடுத்தவருக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

சம்மதம் சொல்லும் முன் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் வாசியுங்கள். அறங்காவலரை நியமிப்பது யார், நீக்குவது யார், எத்தனை வருடம், கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும், அமைப்பு கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்று பாருங்கள். சங்கமாகப் பதிவு செய்த அமைப்பில் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உறுப்பினர்கள் வருடம்தோறும் பொதுக்குழுவில் கேள்வி கேட்கலாம். அறக்கட்டளையில் அப்படிக் கேட்க உறுப்பினர்களே இல்லை. பல பத்திரங்களில் நிறுவியவர் ஆயுள்காலத் தலைவர், மற்றவர்கள் அவர் வைத்தால் இருப்பார்கள், எடுத்தால் போவார்கள் என்றுதான் எழுதியிருக்கும். நீங்கள் பார்க்கும் பத்திரமும் அப்படி இருந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். அதை மாற்ற வழி உண்டா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்து அங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வருமான வரிப் பதிவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: முன்பெல்லாம் அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவை ஒரு தடவை வாங்கினால் போதும். 2021 முதல் அதற்குக் காலக்கெடு வந்துவிட்டது. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி-யும் அப்படித்தான். எந்தத் தேதியில் முடிகிறது என்று செயலாளருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வவுச்சர் கட்டு. எங்கள் அமைப்பில் அந்த இடிக்குப் பிறகு நானே உட்கார்ந்து ஒரு வருட வவுச்சர்களைப் புரட்டினேன். ‘பெட்ரோல், பாம்பு, திட்டுவிளை, 150 ரூபாய்’ என்று ஒரு பையன் எழுதிக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் பெயரில் ஒரு சீட்டும் இல்லை. பாம்பு பிடிக்கப் போகவில்லையா என்று கேட்டேன். வாரத்துக்கு மூன்று அழைப்பு வந்திருக்கிறது, போயிருக்கிறான். முதல் 150 ரூபாய்க்கே பணம் வராததால் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டான். காப்பீடு இருக்கிறதா என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். கடிபட்டால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதற்கு நண்பன் ஒருவன் பைக்கோடு எப்போதும் தயாராக இருப்பான் என்று சொன்னான். நல்லபாம்பைக் கையில் பிடிக்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கள் அமைப்பு செய்து வைத்திருந்த ஏற்பாடு அவ்வளவுதான். ஏழு அறங்காவலர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பறவை தெரிந்தவர்கள் எங்களில் நான்கு பேர் இருந்தார்கள். சீட்டு வராததைக் கவனிக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

வனத்துறை அனுமதி இல்லாமல் உங்கள் அமைப்பின் பையன்களை அனுப்புகிறார்களா என்பதையும் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இரக்கத்தால் செய்தேன் என்பது மட்டும் போதுமான பதில் ஆகாது. தங்கூசி என்னும் நைலான் வலையில் சிக்கிய கூழைக்கடாப் பறவையை மீட்டுக் கொண்டுவந்து நாலு நாள் மொட்டைமாடியில் வைத்து மீன் போட்டால், அன்பு மிகுந்த அந்தப் பிள்ளை சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்க நேரிடும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்களின் வேலைதான்.

அடுத்தது கொஞ்சம் கடினமானது. நம் மாவட்டத்தில் மலையை உடைத்து விற்கும் தொழில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். என்றைக்காவது ஒரு நாள் ஒரு குவாரி உரிமையாளர் நல்ல மனதோடு, பைனாகுலர் வாங்கவோ பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போகவோ பெரிய தொகை ஒன்றைக் கொடுக்க வருவார். வாங்கலாமா கூடாதா என்று கூட்டத்தில் பேச்சு வரும். வாங்கக் கூடாது என்பது என் எண்ணம். பணத்தில் தீட்டு இருக்கிறது என்பதற்காக அல்ல. அடுத்த வருடம் ஒரு குன்றைப் பற்றி ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டி வந்தால் பேனாவை எடுக்கும்போதே கை தயங்கும். உங்கள் சக அறங்காவலர் யாருக்காவது காட்டோரத்தில் ரப்பர் தோட்டமோ தங்கும் விடுதியோ இருந்தால் அதுவும் குற்றமில்லை. அந்த இடம் பேசப்படும் நேரத்தில் அவர் எழுந்து வெளியே போக வேண்டும், போனார் என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். முதல் தடவை இதைச் சொல்லும்போது அறையில் சங்கடமான அமைதி வரும். புதிதாக வந்தவரும் கணக்குத் தெரிந்தவருமான நீங்கள் சொன்னால் தாங்கிக்கொள்வார்கள்.

ஏழு பேரில் பெண் நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். மற்ற ஆறு பேர் யார் என்று எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது: டாக்டர், பேராசிரியர், ஓய்வு பெற்ற அதிகாரி, வக்கீல். நல்லவர்கள்தான். ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் காணிக்காரர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் அந்த மேஜையில் உண்டா? கரைமடி வலை இழுக்கிற ஒருவர், தேரூர் குளத்துத் தண்ணீரில் கும்பப்பூ நெல் நடுகிற ஒருவர்? வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்களும் கும்பப்பூவும் ஒரே காலம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில் விவசாயிக்கு ஒரு கணக்கு, தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறிக்கிறவருக்கு ஒரு கணக்கு, நீர்ப்பறவைக்கு ஒரு கணக்கு. முதல் இருவரைக் கேட்காமல் மூன்றாவதுக்காகத் தீர்மானம் போட்டு அனுப்பினால் ஊரில் பகைதான் மிஞ்சும்.

சட்டமே இதைப் புரிந்து வைத்திருக்கிறது. 2015-ல் சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டன அல்லவா, அந்த வகைக் காப்பகத்துக்கு அமைக்கப்படும் மேலாண்மைக் குழுவில் தன்னார்வ அமைப்புகளுக்கு மூன்று இடம் என்றால், அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் இடம் உண்டு, வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும்கூட இடம் உண்டு. 2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தப் பட்டியலால் மடையைத் திறக்கவோ மூடவோ முடியாது. அதைச் செய்கிறவர் வரப்பில் நிற்கிறார். பக்கத்து மாவட்டத்தில் திருப்புடைமருதூர் 2005-ல் தமிழ்நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமானதற்கு, கோயிலைச் சுற்றிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்க்காரர்களே காத்து வந்ததுதான் அடிப்படை. அவர்களிடம் பத்திரமும் இல்லை, லெட்டர்பேடும் இல்லை. உங்கள் மேஜையில் அடுத்த இடம் காலியாகும்போது இன்னொரு டாக்டரைத் தேடாதீர்கள் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு காலம் இருப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறு வருடம். சேரும் அன்றே போகும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு முன்பு இருந்தவர் காலமாகித்தான் விலகியிருக்கிறார், அது எனக்கு நல்ல வழக்கமாகப் படவில்லை. அவருடைய தலைக்குள் இருந்த விவரங்கள், எந்தச் சாவி எங்கே, எந்த நிலத்துக்கு யாரிடம் வாய்ச்சொல் ஒப்பந்தம் என்பதெல்லாம் அவரோடு போயிருக்கும். இருக்கிறவர்களிடமாவது அவற்றை எழுதி வாங்குங்கள்.

கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு காலை நேர வேலை. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும், நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். தேரூர் குளத்தங்கரையில் அரைமணி நேரம் நின்றால் பிடிபட்டுவிடும். முதல் கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் ஆறு மணிக்கே அங்கே வந்துவிடுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பைனாகுலர் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் பத்திரத்தின் நகலை எடுத்து வாருங்கள், கரையில் உட்கார்ந்து சேர்ந்தே வாசித்துவிடலாம்.

அன்புடன்,
தம்பி