17 வயது மகன் மீது செல்போன் பறிப்பு வழக்கு: விசாரணை எப்படி நடக்கும்?

கேள்வி: 22 வயது நண்பருடன் பைக்கில் சென்றபோது செல்போன் பறித்ததாக என் மகனையும் போலீசார் பிடித்துள்ளனர். சம்பவ நாளில் அவனுக்கு 17 வயது. இப்போது கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். இருவரையும் ஒன்றாக விசாரிப்பார்களா? அவன் எதிர்காலம் என்னவாகும்?

பதில்: இருவர் மீதும் ஒரே முதல் தகவல் அறிக்கை இருந்தாலும், அவர்களை ஒன்றாக விசாரிக்க 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அனுமதிப்பதில்லை. நண்பரின் வழக்கு வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்திலும், தங்கள் மகனின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடக்கும். சம்பவ நாளின் வயதே கணக்கு என்பதால், இடையில் அவனுக்கு 18 நிறைந்தாலும் இது மாறாது. பள்ளிச் சான்றிதழை உடனே தாக்கல் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ் போதும்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், ஒரு பெண் உட்பட இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். கூண்டு கிடையாது, விலங்கிடக் கூடாது. ஆனாலும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை முழுமையாக உண்டு. ‘ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று வெளியில் யார் சொன்னாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அவனை ஒத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

இனி, முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை அதைப் பொறுத்தவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவான பறிப்பு மட்டும் என்றால், அதிகபட்ச தண்டனை மூன்றாண்டு என்பதால் அது சிறு குற்றம். நான்கு மாதங்களிலும், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதங்களிலும் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும். 309-வது பிரிவின் கீழ் கொள்ளை என்று எழுதினாலும், குறைந்தபட்ச தண்டனை ஏதும் விதிக்கப்படாததால், அவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க இடமில்லை. கொடிய ஆயுதம் பயன்படுத்தியதாக 311-வது பிரிவைச் சேர்த்திருந்தால்தான் சிக்கல்: ஏழாண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றம் என்பதால், 16 வயது நிறைந்த அவனுடைய மன, உடல் திறனையும், விளைவை உணரும் ஆற்றலையும், சம்பவச் சூழலையும் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட்டு, வயது வந்தவராகக் கருதி விசாரிக்க இடமுள்ள குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றக்கூடும். அப்படியொரு பிரிவு ஆதாரமின்றிச் சேர்க்கப்பட்டிருந்தால், அதை அந்த மதிப்பீட்டின்போதே எதிர்க்க வேண்டும்.

ஜாமீனில் விடக்கூடாத குற்றம் என்று போலீசார் சொன்னாலும், சிறாருக்கு ஜாமீனே பொது விதி. மீண்டும் தவறான கூட்டுறவில் சேர்வான் என்று காட்டி அதை மறுக்க முடியும் என்பதால், நண்பரிடமிருந்து விலகி எங்கே தங்குவான், எங்கே படிப்பான் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தர வீட்டுக்கு வரும் நன்னடத்தை அலுவலரிடமும் எதையும் மறைக்காதீர்கள். குழுமத்தின் முடிவில் அவருடைய அறிக்கைக்கு மிகுந்த எடை உண்டு.

குற்றம் நிரூபணமானாலும் குழுமம் எச்சரித்தோ, தங்கள் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தோ அவனை அனுப்பலாம். அதிகபட்சம், குற்றம் நிரூபணமான சிறாரைச் சீர்திருத்தத் தங்கவைக்கும் சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு வைக்கலாம். குழுமமே முடிக்கும் வழக்கு என்றால், சட்டத்தின் 24-வது பிரிவின்படி, அதனால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் அவனுக்கு வராது.