அவரவர் வேகத்தில் ஒரு லீற்றர் கடல்நீர்

அன்புள்ள அக்கா,

உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். மகன் தரம் 7. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். கொப்பி கொப்பியாக எழுதுகிறான். ‘ஆவியாதல் எண்டால் என்னடா?’ என்று கேட்டால் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கிறான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பழுதாய்க் கிடந்த மேசை விசிறியை நாள் முழுக்க இருந்து கழற்றிப் பூட்டியவனும் இவன்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, சனிக்கிழமை காலையில் எங்கள் விறாந்தையில், கையால் செய்து அவரவர் வேகத்தில் படிக்கவிடலாம் என்று யோசிக்கிறேன். என் அண்ணா ஆசிரியர். “அவரவர் வேகம் எண்டு விட்டால் கெட்டிக்காரன் ஓடிவிடுவான், மற்றவன் படுத்துவிடுவான், சோதினை ஒருத்தருக்காகவும் காத்திராது” என்கிறார். நான் எங்கே தொடங்குவது? ரியூசனை நிறுத்தலாமா?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அண்ணா சும்மா பயங்காட்டவில்லை. அவரவர் வேகம் என்பதைப் பிள்ளையின் விருப்பம் என்று விளங்கிக்கொண்டு விட்டுவிட்டால் அவர் சொன்னதுதான் நடக்கும். பன்னிரண்டு வயதில் கடற்கரையும் கைபேசியும் எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன.

இந்த முறையை யோசித்தவர்கள் கேட்டது வேறு. பள்ளிக்கூடத்தில் நேரம் எல்லாருக்கும் ஒன்று. 40 நிமிடம் முடிந்து மணி அடித்தால் விளங்கியவனும் விளங்காதவனும் அடுத்த பாடத்துக்குப் போயாகவேண்டும். இதைத் தலைகீழாக்கச் சொன்னவர் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம், 1968இல். விளங்கவேண்டிய அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அதற்குப் பிடிக்கிற நேரம் ஆளுக்கு ஆள் மாறட்டும் என்பது அவர் கருத்து. ஒரு படியில் தேறாமல் அடுத்த படி இல்லை. உங்கள் விறாந்தையில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது நேரத்தை மட்டும்தான்.

கடல்நீரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு லீற்றர் கொண்டுவரட்டும்; உப்புவெளியிலோ நிலாவெளியிலோ மொண்டது நல்லது, துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தண்ணீர் வேண்டாம். துணியில் வடித்து வற்றவிட வேண்டும். அடுப்பில் காய்ச்சுவதா, அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பதா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். அடுப்பென்றால் அலுமினியச் சட்டி கூடாது, உப்பு அரித்துவிடும். வற்றி முடிகிற கட்டத்தில் உப்பு வெடித்துத் தெறிக்கும், அப்போது பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. எல்லாம் ஒன்றாக வெளியே வருவதில்லை. நீர் ஐந்தில் ஒரு பங்காகும்போது வெள்ளையாய் ஏதோ அடியில் படியத் தொடங்கும். அதில் பெரும்பகுதி ஜிப்சம். நல்ல தண்ணீரில் அலசி நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்காது. பத்தில் ஒரு பங்கான பிறகுதான் கறியுப்புப் பளிங்கு விழும். கடைசியில் மிஞ்சுகிற சில கரண்டி நீர் கசக்கும், அதில் இருப்பவை மகனீசியம் உப்புகள்.

அவசரக்காரப் பிள்ளை அடுப்பை மூட்டி, காலை முடியுமுன்னே ஒட்ட வற்றவைத்து, “முடிஞ்சுது அன்ரி” என்று வந்து நிற்பான். நிறுத்தால் 35 கிராமுக்குக் கிட்ட வரும், பெருமையாக இருக்கும். மறுநாள் பார்த்தால் உப்புக் கசிந்து சட்டியோடு ஒட்டிக் கிடக்கும். மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிற பொருள். வெயிலில் வைத்து நாட்கணக்காக இழுத்தடித்தவள், பளிங்கு விழுந்ததும் மிச்ச நீரை வடித்துவிட்டிருந்தால், அவள் கையில் இருப்பது எடை குறைந்த, ஆனால் உதிரியான உப்பு. இரண்டு பேருக்கும் ஏன் எடை வித்தியாசம்? ஒன்று ஏன் கசிகிறது? கடையில் விற்கிற உப்பு இதில் எதைப் போல இருக்கிறது? ஒவ்வொரு வேலையையும் ஒரு அட்டையில் எழுதிவையுங்கள். கொப்பியைப் பார்க்காமல் தன் வாயால் பதில் சொன்னால் அடுத்த அட்டை. இல்லாவிட்டால் இன்னொரு லீற்றர். கெட்டிக்காரன் ஓடிவிடுவான் என்ற பயம் அண்ணாவுக்கு இதோடு போய்விடும் என்று நினைக்கிறேன்.

படுத்துவிடுகிற பிள்ளை கொஞ்சம் கஷ்டந்தான். அவனுக்கு ஒரு சின்னக் கடமை கொடுங்கள்: அடிமட்டத்தை வைத்து நீர் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று நாளுக்கு ஒரு வரி. அந்த வரி இல்லாத கிழமை நீங்கள் அவன் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுத்த அட்டைக்கு மூதூரில் சொந்தக்காரர் உள்ள பிள்ளையைப் பிடியுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மார்கழி மழையில் ஆற்றுவாய்ப் பக்கம் மொண்ட ஒரு லீற்றரையும் ஆவணி வெயிலில் நிலாவெளியில் மொண்ட ஒரு லீற்றரையும் வற்றவைத்து நிறுக்கட்டும். எது கூட, எது குறைய என்று முதலே எழுதிவைத்துவிட்டுச் செய்யவேண்டும்.

யார் எந்த அட்டையில் நிற்கிறார் என்பதைச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், படிகளை வரிசையாகக் காட்டுகிற ‘கற்றல் ஏணி’ சுவரில்தான் தொங்கியது. ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறையிலிருந்து எடுத்தது அது, ஆரம்ப வகுப்புச் சிறுவர்களுக்கானது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏணி விளையாட்டு. தரம் 7இல், அதுவும் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கிற இடத்தில், கடைசிப் படியில் தன் பெயரைப் பார்க்கிற பிள்ளை அடுத்த சனிக்கிழமை வராது. ஏணியைக் கொப்பியின் பின்மட்டைக்குள் வையுங்கள்.

கையால் செய்வது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1972 சீர்திருத்தத்தோடு தரம் 6 முதல் 9 வரை ஊர்த் தொழில்களைப் படிக்கிற தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அவை போய்விட்டன. 2007இல் தரம் 6க்கும் 10க்கும் வந்த தேர்ச்சிமையக் கலைத்திட்டமும் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அதையும் அந்த 40 நிமிடத்துக்குள் அடக்கவேண்டியிருந்தது. உங்களுக்கு மணி அடிக்க ஆள் இல்லை, அது பெரிய வசதி.

ஆனால் எல்லாவற்றையும் கையால் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். எத்தனை சட்டி காய்ச்சினாலும் சோடியத்தின் குறியீடு Na என்று தெரியவராது, அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். வாய்ப்பாடும் அப்படியே. முழுப் பாடத்திட்டத்தையும் இப்படி முடிக்க நினைத்தால் சோதினை விஷயத்தில் அண்ணா வென்றுவிடுவார். தவணைக்கு இரண்டு மூன்று அலகு போதும்.

ரியூசனைப் பற்றி: கணித வகுப்பை நிறுத்தவேண்டாம். சனிக்கிழமை விஞ்ஞான வகுப்பை மட்டும் ஒரு தவணைக்கு விட்டுப் பாருங்கள். வகுப்புக்காசில் மிச்சம் பிடிப்பதில் ஒரு கிராம்வரை காட்டுகிற சமையல் தராசு ஒன்று வாங்கலாம். முடிந்தால் அண்ணாவையும் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், வாய்மொழிக் கேள்வி கேட்க அவரை விட நல்ல ஆள் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா