1 முதல் 3n வரையிலான எண்களைக் கூட்டுத்தொடர் மும்மைகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு மும்மையில் வரவேண்டும். ஒவ்வொரு மும்மையும் a, a+d, a+2d என்ற வடிவில் அமையவேண்டும். இதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பிடி இதுதான்: மீதமுள்ள எண்களில் மிகச் சிறியதை எடுங்கள். அது தன் மும்மையின் முதல் உறுப்பாகத்தான் இருக்க முடியும். ஆகவே d-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை எண்ணப்படாது.

n = 3 என்று வைத்துக் கையால் செய்து பாருங்கள். 1, 2, 3-ஐ எடுத்தால் மிஞ்சுவது 4 முதல் 9 வரை; இது n = 2 கணக்கேதான், 2 வழிகள். 1, 3, 5 என்றால் 2, 4, 6 மற்றும் 7, 8, 9 மட்டுமே. 1, 4, 7 என்றால் 2, 5, 8 மற்றும் 3, 6, 9. 1, 5, 9 என்றால் 2, 3, 4 மற்றும் 6, 7, 8. மொத்தம் 5.

n = 1 முதல் விடைகள் 1, 2, 5, 15, 55, 232 என வளர்கின்றன. முதல் நான்கையும் ஒரு தாளில் சரிபார்க்கலாம். அதன்பின் இதே முறையை நிரலாக எழுதுவதே நல்லது.

x + y = z என்ற மும்மைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே மொத்தக் கூட்டுத்தொகை z-களின் கூட்டுத்தொகையைப் போல் இருமடங்கு, அதாவது இரட்டைப்படை. ஆனால் n = 2, 3 ஆகியவற்றுக்கு மொத்தம் 21, 45 என ஒற்றைப்படையாக வருகிறது; அதனால் ஒரு வழிகூடக் கிடையாது. கூட்டுத்தொடருக்கு அந்தத் தடை இல்லை: அடுத்தடுத்த மூன்று எண்களாக வெட்டினாலே ஒரு வழி கிடைத்துவிடுகிறது.