பார்னவேர்ன் கூட்டத்தில் உங்களுக்காக யார் பேசுவது?

தங்கச்சி, நோர்வேயின் பிள்ளைகள் நலச் சேவையான பார்னவேர்ன் அலுவலகத்திலிருந்து சந்திப்புக்குக் கடிதம் வந்திருக்கிறது, விசாரணை வரை போனால் எங்கள் பக்கம் யார் பேசலாம், சங்கத்து அண்ணை ஒருவர் வரத் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், வீடு மாறுவது பற்றிக் கேட்டதெல்லாம் பிறகு பார்க்கலாம். அவற்றுக்கு ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள்.

கடிதம் வந்தால் மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கலியாண மண்டபங்களில் கதைக்கிறவர்களில் பலர் ஒரு விசாரணை அறையையும் பார்த்ததில்லை. வழமையாக மூன்று மாதங்களுக்குள் அலுவலகம் தன் ஆய்வை முடிக்க வேண்டும். பல ஆய்வுகள் அத்தோடு மூடப்படுகின்றன, அல்லது வீட்டிலேயே உதவி தருகிறார்கள். அவசர நிலை தவிர, உங்கள் சம்மதமின்றிப் பிள்ளையின் பராமரிப்பை எடுக்க அலுவலகத்தால் முடியாது. அதைத் தீர்மானிப்பது நெம்டா என்ற, நீதிமன்றம் போன்ற சபை. 2023 வரை ஃபில்கெஸ்நெம்டா என்று அழைக்கப்பட்ட அதே அமைப்புத்தான்.

அலுவலகச் சந்திப்புக்கு வயது வந்த எவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அண்ணை பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியம் என்றால் வரட்டும், ஆனால் வாய் திறக்க வேண்டாம். நெம்டாவில் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி, தன் வழக்கறிஞரோடு வந்து உட்காரும். உங்கள் பக்கமும் சட்டத்தரணிதான் இருக்க வேண்டும். உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே அவருடைய செலவை அரசு ஏற்கிறது. கையில் காசில்லை என்று எவரோ ஒருவரை அனுப்பிவைக்கத் தேவையே இல்லை. பார்னவேர்ன் வழக்குகளையே வழமையாக எடுப்பவராகத் தேடுங்கள். வீடு வாங்கும்போது பத்திரம் எழுதிக் கொடுத்தவர் போதாது.

மொழிபெயர்ப்பாளரை அலுவலகமே ஒழுங்கு செய்ய வேண்டும். 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதற்குத் தடை உண்டு. "மகள் நொர்ஸ்க் மொழியில் வெளுத்து வாங்குவாள்" என்று பெருமைப்படும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வருபவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் வேறொருவரைக் கேளுங்கள். நம் சமூகம் சின்னது.

நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த எங்களுக்கு, நாலு சொல் நொர்ஸ்க் தெரிந்த ஒருவர்தான் எல்லாவற்றுக்கும் வாய். முதுகு வலிக்கிறது, பாரம் தூக்காத இடம் தாருங்கள் என்று நான் சொன்னதை, இவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணமில்லை, சுருக்கிச் சொன்னாராம்! அன்றிலிருந்து கையில் கொட் மீன் நாற்றத்தோடு மாலை வகுப்புக்குப் போனேன். அடுத்த குளிர்காலத்தில் என் முதுகைப் பற்றி நானே பேசினேன். அந்த மனிதர் பிறகு சங்கத் தலைவரானார், அது வேறு கதை.

பிள்ளைக்கு 15 வயதாகிவிட்டால் அவரே வழக்கில் ஒரு தரப்பு. தனிச் சட்டத்தரணியும் உண்டு. அந்தச் சட்டத்தரணி உங்களுக்கு எதிராகவும் பேசலாம், அதற்காக வீட்டில் பிள்ளையை முறைக்காதீர்கள். அதைவிடச் சின்னவர்களின் விருப்பத்தைக் கேட்டுச் சொல்ல நெம்டா ஒருவரை நியமிக்கலாம்.

சட்டத்தரணியிடம் எதையும் மறைக்காதீர்கள். ஒரு தடவை கையோங்கியிருந்தாலும் சொல்லுங்கள். இங்கே பிள்ளையை அடிப்பது 1987 முதல் சட்டத்தால் தடை, அவர் அதை எதிர்த்தரப்பின் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்கக் கூடாது. விளங்காத தாளில் கையெழுத்திட வேண்டாம். முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், அந்தத் தேதியைச் சட்டத்தரணியிடம் அன்றே கேட்டு எழுதி வையுங்கள். இரவோடிரவாக விமான டிக்கெட் எடுக்கச் சொல்லும் உறவினர்களின் அழைப்புக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள்.